வியாழக்கிழமைத் தண்ணீர்

செயற்கைக்கோளில் ஏற்றும் நுண்ணலை உணரி, மண்ணின் ஈரத்தை மேலிருந்தே அளந்துவிடும். மண் தானாக வெளியிடும் மிக மெல்லிய அலைகளை அது வாங்குகிறது. காய்ந்த மண்ணுக்கு அளவு கூடும், நனைந்த மண்ணுக்குக் குறையும். மனிதர்கள் அனுப்பும் அலைகளும் அதே அலைவரிசையில் கலந்துவிட்டால் எது மண், எது கோபுரம் என்று தெரியாது. தொண்ணூறுகளின் பின்பாதியில், அந்தக் கலப்பைக் கணினியில் வடிகட்டுவதுதான் என் ஆராய்ச்சி.

சோதனைக்காக அதே வகை உணரி ஒன்றை ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு வயலோரத்தில் இரும்புக் கால்களின் மேல் நிறுத்தியிருந்தோம். வயல், டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சியுடையது. இடத்துக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: வாராவாரம் அந்த அளவைக் கோடாக வரைந்த படம். கோடு இறங்கியிருந்தால் தண்ணீர் பாய்ந்திருக்கிறது என்று பொருள். ஞாயிறு மட்டும் வயலுக்கு வருகிறவருக்கு அது வசதி.

குறுக்கீடு எங்கிருந்து வருகிறது என்று பட்டியல் போட்டேன். தொலைபேசிக் கோபுரம், அரிசி ஆலை மோட்டார், யாரோ பேசும் வயர்லெஸ். எதையும் நிறுத்தச் சொல்ல முடியாது. ஆகவே ஒரு விதி எழுதினேன்: முந்தைய நாட்களின் சராசரியிலிருந்து ரொம்ப விலகிய அளவை வெட்டு, வெட்டிய இடத்தை நேர்கோட்டால் இணை. படம் சுத்தமாக வந்தது.

அது கார் நெல் விளையும் பருவம். ஆற்றில் தண்ணீர் குறைவு. இரண்டு வாரம் வாய்க்காலை அடைத்து வைத்திருந்துவிட்டு, வயலுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து விட ஆரம்பித்தார்கள். மடையைத் திறந்து அடைக்க ஒருவர் இருந்தார், நாற்பது வயதிருக்கும். வயல்காரர்கள் சேர்ந்து அறுப்பில் கொடுக்கும் நெல்தான் அவர் வீட்டுச் சாப்பாடு.

முதல் முறைத் தண்ணீர் விட்ட வாரத்து ஞாயிறு படத்தைக் கொடுத்ததும், அண்ணாச்சி மடைக்காரரைக் கூப்பிட்டார்.

“ஏலே, வியாழக்கிழமை தண்ணி பாய்ச்சுனேன்னியே. இங்கன பாரு, கோடு அசையவே இல்ல.”

“காலையில தொறந்து மத்தியானம் வரைக்கும் பாஞ்சிச்சு அண்ணாச்சி.”

“அப்ப மிஷினு பொய் சொல்லுதா?”

“மிஷினு கால நனைச்சுதா? நான்லா நனைச்சேன்.”

பக்கத்து வயலில் களை எடுத்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது.

“என் தண்ணிய எவனுக்கோ விட்டுட்டு நக்கலு வேற. அடுத்த ஞாயித்துக்கிழமை வயக்காரங்க எல்லாரும் மதகடியில கூடுதோம்லா, அங்க வச்சு ஒன்னய மாத்துதேன் பாரு.” என் பக்கம் திரும்பினார். “படம் சரிதானம்மா?”

“பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி.”

வயல் அதற்குள் காய்ந்திருந்தது. தன் முறை இல்லாத நாளில் யாரும் வாய்க்கால் பக்கம் போவதில்லை என்பதால் சாட்சியும் இல்லை.

திங்களன்று கல்லூரியில் வடிகட்டாத அளவுகளையும் கோடாக அச்செடுத்தேன். வியாழன் காலை பத்து மணிக்கு அளவு சரிந்து, மறுநாள் மாலைவரை கீழேயே கிடந்தது. அத்தனையையும் என் விதி வெட்டி, நேர்கோடு போட்டிருந்தது. குறுக்கீடு அளவைக் கூட்டும், குறைக்காது. அது எனக்கு முதல் நாளே தெரியும். கூடியதை மட்டும் வெட்டினால் சூத்திரம் கோணலாக இருக்கிறதே என்று, கூடியது குறைந்தது இரண்டையும் வெட்டச் சொல்லியிருந்தேன். முறைத் தண்ணீர் வந்தால் வயல் அரை மணியில் குளமாகும் என்பதை யோசிக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு மதகடியில் வயல்காரர்கள் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். வெட்டிய படம், வெட்டாத படம் இரண்டையும் அண்ணாச்சியிடம் கொடுத்தேன்.

“தண்ணி வந்திருக்கு அண்ணாச்சி. படத்துல இருந்து வெட்டுனது நான்.”

“எதுக்கு வெட்டுன?”

“கோபுரத்து அலைய வெட்டப் போட்ட விதி. தப்பா எழுதிட்டேன்.”

“தண்ணிக்கும் கோபுரத்துக்கும் வித்தியாசம் தெரியாமலா இம்புட்டுப் படிச்ச?”

கூட்டத்தில் ஒருவர், “அப்ப இவன மாத்துத பேச்சு இல்ல. அடுத்த சோலியப் பாருங்க வே” என்றார். அண்ணாச்சி படங்களை என்னிடமே நீட்டினார்.

மடைக்காரர் குறுக்கே கை நீட்டி வெட்டாத படத்தை வாங்கினார்.

“இந்தப் பள்ளந்தான் நான் தொறந்ததா?”

“ஆமா.”

“அடைச்சது எங்கன இருக்கு?”

கோடு மேலே ஏறும் இடத்தைக் காட்டினேன்.

“அது வெள்ளிக்கிழமைலா. நான் வியாழக்கிழமை மத்தியானமே அடைச்சிட்டேன். நீங்க இன்னும் தப்பாத்தான் வச்சிருக்கிய.”

மடை அடைத்த பிறகும் வயலில் ஈரம் நிற்கும், கருவி அதைத்தான் பார்க்கிறது என்று விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அடுத்த வயலின் முறைக்கு நேரமாகிவிட்டது என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.