கையிலா, காலிலா

வாத்தியார் இருந்தார். பெரிய கங்காணி இருந்தார். கணக்கப்பிள்ளை இருந்தார். லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பரா அக்கா வந்திருந்தார், கொழுந்து எடுப்பவர். என் மனைவி, இடுப்பில் சின்னவன். நான். பிறகு என் மகள், வயது பத்து. அவளைப் பற்றித்தான் பேச்சு.

மஸ்கெலியாவிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் எங்கள் தோட்டம். பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை. ஒரே ஹால், ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். தோட்டத்துத் துரை அப்போது இன்னும் வெள்ளைக்காரர். அன்று ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. அதனால் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வர முடிந்தது.

மகள் மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. இனிப் போக மாட்டேன், அடுத்த மாசம் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் புல்லு வெட்டப் போகிறேன் என்றாள். பேர் பதிந்துவிட்டால் பிறகு படிப்பு இல்லை. நான் மூன்றாம் வகுப்பில் பேர் கொடுத்தவன். எனக்குத் தெரியும்.

காரணம் அடி. விடியற்காலையில் தப்பு மேளம் அடித்ததும் நானும் மனைவியும் பெரட்டுக்குப் போய்விடுவோம். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் சின்னவனை விடுவது மகளுடைய வேலை. ஆயா வந்து கதவைத் திறந்தால்தான் விட முடியும். விட்டுவிட்டு ஓடுவாள். அதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். இடாப்பில் பேர் கூப்பிட்டு முடிந்திருக்கும். பிந்தி வந்தால் உள்ளங்கையில் மூன்று அடி. அது வாத்தியாரின் சட்டம். ஏன் பிந்தினாள் என்று அவர் கேட்டதில்லை. நாங்களும் போய்ச் சொன்னதில்லை. பிந்தினால் அடி விழும், அவ்வளவுதான் என்று இருந்தோம்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். நான் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். வெட்டிப் போட்ட மிலாறில் நேரான குச்சிகளைப் பார்த்து எடுத்து, பட்டை சீவி, கட்டாகக் கட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து அனுப்புவேன். எங்கள் தோட்டத்தில் அது வழக்கம். பிள்ளையைச் சேர்க்கிற வீட்டுக்காரர் குச்சியும் கொடுக்க வேண்டும். கவ்வாத்துக்காரன் கொடுத்தால் நல்ல குச்சியாக இருக்கும் என்று பேர். அந்தக் கட்டைச் சுமந்துகொண்டு போனதும் மகள்தான்.

வாத்தியார் அந்தக் குச்சிக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபக்காரர் இல்லை. பாதிக் கட்டு மீதி இருந்தது.

“இது நீங்கள் தந்தது. வேண்டாமெண்டால் கொண்டு போங்கோ.”

நான் எடுக்கவில்லை.

பெரிய கங்காணி பேசினார். அடி இல்லாமல் படிப்பு வராது, தான் வாங்காத அடியா, அதனால்தான் இன்று கங்காணியாக நிற்கிறேன் என்றார். நீளமாகச் சொன்னார். அக்கா பொறுத்துப் பார்த்தார்.

“அடி வாங்குனீங்க, சரி மாமா. இன்னமும் பெருவெரலைத்தானே வைக்கிறீங்க.”

கணக்கப்பிள்ளை குனிந்துகொண்டார். கையெழுத்துக்குப் பதில் மை தடவிய பெருவிரலைப் பிடித்து வைக்கிறவர் அவர்தான். கங்காணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா வாத்தியாரைப் பார்த்துச் சொன்னார்.

“அடிக்க வேணாங்கலைங்க. கையில மட்டும் வேணாம். நாளைக்குக் கொழுந்து எடுக்கிற கையிங்க அது.”

இது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. வீங்கிய விரலால் கொழுந்து கிள்ள வராது என்று கணக்கப்பிள்ளை சொன்னார். காலில் அடிக்கலாம், முட்டிக்குக் கீழே என்றார் கங்காணி. மூன்றுக்குப் பதில் இரண்டு போதும் என்றார் அக்கா. நானும் காலிலேயே அடிக்கட்டும் என்றேன். இப்போது பள்ளிக்கூடத்தில் அடிக்கவே கூடாது என்கிறார்கள். நல்லதுதான். அன்று எங்களுக்கு அந்த யோசனை வரவில்லை. எங்கே அடிப்பது என்றே அரை மணி நேரம் பேசினோம்.

வாத்தியார் மகளைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, நீ சொல்லு. கையிலயோ, காலிலயோ?”

அவள் யோசித்துத்தான் சொன்னாள்.

“காலுல அடிச்சா இன்னும் லேட்டாத்தாங்க வருவேன்.”

கங்காணிதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். வாத்தியார் சிரிக்கவில்லை. அப்போதுதான், ஏன் பிந்துகிறாய் என்று கேட்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள். என் மனைவி சின்னவனை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

“இவனை விட்டுட்டுத்தான் ஓடியாறா சார். பிள்ளைக்காம்பரா தொறக்க ஏழரை ஆகுது.”

பள்ளிக்கூட மணியும் ஏழரைக்கு. ஆயாவைக் கொஞ்சம் நேரத்தோடு வரச் சொல்ல முடியாதா என்று வாத்தியார் கணக்கப்பிள்ளையைக் கேட்டார். அது துரை வைத்த நேரம், மாற்ற முடியாது என்றார் அவர். இப்படித் தம்பி தங்கையை விட்டுவிட்டு எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று வாத்தியார் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

“அப்பிடியெண்டால், தேவாரமும் வாய்ப்பாடும் முடிஞ்ச பிறகு இடாப்புக் கூப்பிடுறன்.”

கணக்குத் தெரியாவிட்டால் அடி உண்டு என்றும் சொன்னார். சரி என்றோம். அவர் குச்சிக் கட்டை மேசைக்கு உள்ளே வைத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் முன்னால் நடந்தாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் போகிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்றுவிடுவாளோ என்று இருந்தது. மத்தியானம் பீலித் தண்ணீரில் சட்டையைத் துவைத்து அடுப்புக்கு மேலே காயப் போட்டாள். பள்ளிக்கூடத்துக்கும் அந்தச் சட்டைதான், மற்ற எதற்கும் அதுதான். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை எங்களுக்குக் கவ்வாத்து பிள்ளைக்காம்பராவுக்கு மேலே இருக்கிற மலையில். பனி விலகியிருந்தது. ஆயா வந்து கதவைத் திறப்பது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் வெளியே வந்து பள்ளிக்கூடப் பாதையில் ஓடினார்கள். எல்லாம் பெண் பிள்ளைகள். கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். என்னடா பாக்கிறே என்று கங்காணி சத்தம் போட்டார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் மகளோடு பதினொன்று.