சொர்ணம் மிஸ்ஸின் கோ-கோ களம்

நீலசந்திரா அரசு உயர்நிலைப் பள்ளியில்தான் சொர்ணம் படித்தார், அங்கேயே வேலையும் பார்த்தார். பட்டாளத்துச் சமையல்காரர்கள், தோட்டக்காரர்களின் பிள்ளைகளுக்காக இரண்டு அறைகளில் தொடங்கிய பள்ளி. மைதானம் மட்டும் அப்போதே பெரிது. அதில் வெறுங்காலில் ஓடியவர், உடற்பயிற்சி ஆசிரியையாகத் திரும்பி வந்தார். வீடு வீடாகக் கெஞ்சிப் பெண் பிள்ளைகளைக் கூட்டிவந்து, மாவட்டக் கோ-கோ கேடயத்தைப் பள்ளிக்கு வாங்கித் தந்தார்.

பிறகு பக்கத்தில் கல்யாண மண்டபம் வந்தது. முகூர்த்த நாளெல்லாம் மைதானத்தில் கார்கள். மண்டபத்தின் சொந்தக்காரரான முனிகிருஷ்ணன்தான் பழைய மாணவர் சங்கத் தலைவரும். “ரெண்டு மணி நேரம்தானே மிஸ், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்பார். டயர் மிதித்து மூடிய, கோ-கோ கம்பம் நடும் குழிகளைச் சொர்ணம் மறுநாள் தோண்டுவார். போன மாதம், கார் விட வந்த ஒரு டிரைவரோடு கேட்டில் மல்லுக்கட்டும்போது சரிந்து விழுந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர்.

மகள் தமயந்தி கட்டடப் பொறியாளர். டாக்டர் சொன்ன காரணத்தை ஏற்றுக்கொண்டாள். அதற்கு முந்தைய காரணத்தை மறக்கவில்லை.

இன்று பள்ளியில் இரங்கல் கூட்டம், அதன்பின் நினைவு ஆட்டம். அணித் தலைவி உஷா வாசலிலேயே காத்திருந்தாள்.

“அக்கா, மேட்ச் இல்லையாம். கோர்ட்டு மேல பூரா கூட்டத்துக்கு வந்தவங்க காரு. ஸ்டேஜுல சும்மா ஓடிக் காட்டுங்கன்றாரு முனிகிருஷ்ணன் சார்.”

“கம்பத்த எங்க நடுறது, அவரு தலையிலயா?”

உஷா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேடையில் முனிகிருஷ்ணன், “இந்த மண்ணுக்காகவே வாழ்ந்தவங்க” என்று தழுதழுத்தார். மைக்கைத் தமயந்தியிடம் நீட்டினார். “அம்மாவப் பத்தி நாலு வார்த்தை பேசும்மா.”

தமயந்தி எதிரே நின்ற முதல் காரின் எண்ணை வாசித்தாள். “எடுங்க.” அடுத்த காரின் எண். “எடுங்க.”

கூட்டம் நெளிந்தது. ஒவ்வொருவராகச் சாவியோடு எழுந்தார்கள்.

“துக்கத்துல இருக்கற பொண்ணு பேசற பேச்சா இது?” முனிகிருஷ்ணன் காதருகே சீறினார். “மௌன அஞ்சலி பாக்கி இருக்கு.”

“காரு போகட்டும் சார். அப்புறம் மௌனமா நிக்கறேன்.”

கடைசியில் ஒரு வெள்ளைக் கார் மட்டும், சரியாகக் கம்பக் குழியின் மேல்.

“அது என் வண்டி. டிரைவர் சாப்பிடப் போயிருக்கான். சாவி அவன்கிட்ட.”

தமயந்தி அந்த எண்ணை மறுபடி வாசித்தாள். குரலை உயர்த்தவில்லை. மறுபடியும் வாசித்தாள். அவர் வேட்டியும் சால்வையுமாக எழுந்து, தன் சட்டைப் பையிலிருந்தே சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கும் வரை வாசித்தாள்.

கார் நகர்ந்த இடத்தில் எண்ணெய் சொட்டியிருந்தது. உஷா செருப்புக் காலால் அதன்மேல் மண்ணைத் தள்ளினாள்.

“ஆடலாம்க்கா.”