சீஸ் எசன்ஸும் ஒரு கிண்ணம் கஞ்சியும்

எசன்ஸ் கம்பெனியில் பாட்டில் நிரப்புகிறவனுக்குத் தெருவில் வைத்த பெயர் "வாசனை". நக்கல்தான், வேறென்ன! அவன் பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து சீட் தானாகக் காலியாகும். சீஸ் எசன்ஸ் என்றால் சும்மாவா? அசல் வாந்தி நாற்றம். சட்டை, தலைமுடி, நகக்கண் என்று எங்கும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அதில் ஒரு கூத்து உண்டு. அதே எசன்ஸை இரண்டு குப்பியில் ஊற்றி, ஒன்றில் மட்டும் "சீஸ்" என்று ஒட்டிப் புது ஆட்களிடம் நீட்டுவார்கள். பெயர் ஒட்டியதை மோந்தவன் சப்புக்கொட்டுவான். ஒட்டாததை மோந்ததும் அவனே ஜன்னலுக்கு ஓடுவான். "மூக்கு என்னடா பண்ணும்? தீர்ப்பு சொல்றது மேல இருக்கிற மூளை" என்று சூப்பர்வைசர் சிரிப்பார்.

வீட்டில் சிரிப்பு எங்கே வரும்! மனைவிக்கு நாலாம் மாதம். வாயில் வைத்ததெல்லாம் வெளியே வந்தது. ஆள் துரும்பாகிவிட்டாள். "இந்த வாரமும் எடை குறைஞ்சா அட்மிட் பண்ணணும். குழந்தைக்கு நல்லதில்ல" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

எல்லாம் தன் நாற்றத்தால்தான் என்று வாசனை முடிவுகட்டினான். வந்ததும் வராததுமாக ரோஜா சோப்பைத் தோல் உரியத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் கஞ்சிக் கிண்ணத்தோடு அவளருகே போவான். ஒரு வாய் வாங்குவாள், உடனே வாளியைத் தேடுவாள். மஞ்சளாய், கொழகொழவென்று. சீ! அதைக் கொண்டுபோய்க் கொட்டுவதும் அவன்தான். மறுநாள் இன்னும் அழுத்தித் தேய்ப்பான்.

ஒரு நாள் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவளோ காலையிலிருந்து பட்டினி. குடிதண்ணீரில் கையை மட்டும் கழுவிக்கொண்டு, பயந்து பயந்து கரண்டியை நீட்டினான். விழுங்கினாள். இன்னொரு வாய் வாங்கினாள். கிண்ணம் காலியாகிவிட்டது.

"என்னங்க, இன்னைக்கு அந்தப் பாழாப்போன சோப்பு போடலையா?"

"தண்ணி வரலம்மா. ரொம்ப நாறுதா?"

"நீங்க நாறுறது என்ன புதுசா? கல்யாணம் ஆனதுலேர்ந்து பழகிடுச்சு. அந்த ரோஜா வாசம்தான் குடலைப் பிரட்டுது. முதல் தடவை நான் குளிக்கிறப்போதான் வாந்தி எடுத்தேன், அப்போ அந்த சோப்பு வாசம்தான் மூக்குல ஏறுச்சு. இப்போ அது கதவுக்கிட்ட வந்தாலே ஆகல. எனக்காகக் குளிச்சிட்டு வர்றீங்க, எப்படிச் சொல்றது?"

அடப்பாவி! இத்தனை நாளும் தன் கையாலேயே வயிற்றுப் பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறான். அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றாள்.

அடுப்படிக்கு ஓடினான். கஞ்சி ஊற்றக் குனிந்தபோது சொந்தச் சட்டையின் நாற்றம் முகத்தில் அடித்தது. குமட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவளுக்குப் பழகிய அந்தச் சட்டையைக் கழற்றாமலே கிண்ணத்தோடு திரும்பினான்.