சாம்பல் நாரை, ஒன்று

எங்கள் பறவைக் கூட்டத்துக்கு நான்தான் தலைவி. யாரும் தேர்ந்தெடுத்த தலைவி இல்லை. பைனாகுலர் என்னிடம் இருந்தது, வாயும் என்னிடம் இருந்தது, அவ்வளவுதான். மானிப்பாயில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. பங்குனி, சித்திரை மாதங்களில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஐந்தாறு பேராகக் கடலோரத்துக் கல்லுண்டாய் வெளிக்குப் போவோம். மாரியோடு வந்திறங்கிய பறவைகள் வடக்கே திரும்புவதற்கு முன் அந்தச் சேற்று வெளியில்தான் கூடித் தின்று கொழுக்கும். எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், குருவி. கொஞ்சம் விபரம் தெரிந்தவர்கள் சின்னதை உள்ளான் என்பார்கள், பெரியதை நாரை என்பார்கள். அந்த அறியாமையை ஒழிப்பதற்கென்றே நான் பிறந்தேன் என்று அப்போது நினைத்திருந்தேன்.

வெளியில் தனியாகச் சைக்கிளில் திரிகிறாள் என்பதற்காக ஊர் என்னைத் துணிச்சல்காரி என்றது. உண்மையில் நான் பெரிய பயந்தாங்கொள்ளி. அந்த வெளியைப் பற்றித் தெரிந்தவர்கள் பயப்படத்தான் வேண்டும். மேலே வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடக்கும். நம்பிக் காலை வைத்தால் கீழே களி. மாடு இறங்கி, கயிறு கட்டி இழுத்தும் எடுக்க முடியாமல் செத்த கதை ஒன்றை எல்லோரும் சொல்வார்கள். கடல் ஆழமில்லை, ஆனால் பின்னேரம் காற்று மாறினால் ஓசைப்படாமல் முழங்கால் அளவுக்கு ஏறிவிடும். அந்தப் பயத்தில்தான் சட்டங்கள் போட்டேன். என் காலடியில் கால் வைத்து நடக்க வேண்டும். சிவப்பு, மஞ்சள் உடுத்தி வரக்கூடாது. சத்தம் போடக்கூடாது. முதலாவது ஆட்களுக்காக, மற்ற இரண்டும் பறவைகளுக்காக. எந்தச் சட்டத்தை நான் அதிகம் கட்டிக் காத்தேன் என்பதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவள் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்த புது மருமகள். புருஷனுக்குக் கொழும்பில் வேலை, மாதத்தில் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் மாமியும் அவளும்தான். நான் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு புறப்படுவதை வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள், "அதுக்குள்ளாலை என்ன தெரியும், டீச்சர்?" என்று கேட்டாள். கேட்டது அவ்வளவுதான். நான்தான் மினக்கெட்டு அவளுடைய மாமியிடம் போய் அனுமதி வாங்கினேன். வேலியிலே போன ஓணானை மடியில் கட்டிக்கொள்வது என் சாதகத்தில் எழுதியிருக்கிறது.

மாமியைக் கண்டால் எனக்கு நடுக்கம். அதிகம் கதைக்காத மனுசி. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களை நம்பித்தான் விடுறன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போற மாதிரியே கொண்டுவந்து விடவேணும்" என்றா. கலியாணச் சேலைகள் எல்லாம் பளபளப்பென்று அவள் சொன்னதால், தன்னுடைய பழைய சாம்பல் நிற நூல்சேலையைத் தானே எடுத்துக் கொடுத்தா.

அன்றைக்கு நாங்கள் ஐந்து பேர். நான், அவள், எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர், ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஐயா, எங்களை ஏற்றிவந்த ஒஸ்ரின் காரின் டிரைவர். டிரைவர் றோட்டிலேயே காரை விட்டுவிட்டு உள்ளே படுத்து நித்திரை கொள்வார். பறவைகளில் அவருக்கு இருந்த ஈடுபாடு கோழியோடு சரி.

நாலு மணிக்கு வெளியில் இறங்கினோம். தூரத்தில் பூநாரைகள் ஒரு வரிசையாக நின்றன. கிட்டத்தில் உள்ளான் கூட்டம், இருநூறாவது இருக்கும். அவள் முதன்முதலாகக் கண்டவள்தானே, கையைத் தட்டி, "ஐயோ, என்ன வடிவு!" என்று கத்திவிட்டாள். கூட்டம் அப்படியே எழும்பிப் போய்விட்டது.

நான் திரும்பினேன். எனக்குக் கோபம் வந்தால் ஊர் அறியும். "வாயை மூடும்! இஞ்சை வந்தால் உயிர் போனாலும் சத்தம் போடக்கூடாது. விளங்குதோ?"

"ஓம், டீச்சர்," என்றாள். முகம் சிவந்து, கண் கலங்கிவிட்டது. கலங்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு நல்ல நேரம். வடக்கே போகிற காலத்தில் சில பறவைகளுக்கு நெஞ்சு செம்மண் நிறமாக மாறும். மூக்கன் என்கிற நீண்ட சொண்டுப் பறவைகளில் அப்படி நிறம் பிடித்தவை எத்தனை என்று நானும் அப்போதிக்கரி ஐயாவும் எண்ணிக்கொண்டிருந்தோம். மேற்கே வெயில் முகத்துக்கு நேரே அடித்தது. அந்தப் பக்கம் பார்த்தால் நிறம் தெரியாது, வெறும் உருவம்தான் தெரியும். பைனாகுலரை ஒருமுறை சுழற்றி வந்தபோது தண்ணீரோரத்தில், வெகு தூரத்தில், தனியே ஒரு நாரை நின்றது. கொப்பியில், "சாம்பல் நாரை, ஒன்று" என்று எழுதினேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை சுழற்றினேன். அதே இடத்தில் நின்றது. சாம்பல் நாரை மணிக்கணக்காக அசையாமல் நிற்கும். பிள்ளைகளுக்கு அதை எத்தனையோ முறை படிப்பித்திருக்கிறேன். பக்கத்திலே "அசையவில்லை" என்று சேர்த்து எழுதினேன்.

காற்று மாறியதை முதலில் உணர்ந்தது அப்போதிக்கரி ஐயாதான். "தண்ணி ஏறுது. வெளிக்கிடுவம்," என்றார். திரும்பிப் பார்த்தேன். தமிழ் டீச்சர் நின்றா. அவளைக் காணவில்லை.

"அந்தப் பிள்ளை எங்கை?"

தமிழ் டீச்சர் குரலைத் தாழ்த்தி, "அவ ஒதுங்கப் போனவ," என்றா. "அந்தக் கண்டல் பத்தைப் பக்கம். நான் மற்றப் பக்கம் திரும்பி நிண்டிட்டன்."

"நானும் கண்டனான்," என்றார் அப்போதிக்கரி ஐயா. "ஒரு பொம்பிளைப் பிள்ளை அப்பிடிப் போகேக்கை பாக்கிறது மரியாதையில்லை எண்டு திரும்பிட்டன்."

"எவ்வளவு நேரம்?"

ஒருவரையொருவர் பார்த்தார்கள். அரை மணித்தியாலம் இருக்கலாம் என்றார் அவர். அதற்கு மேலும் இருக்கும் என்றா தமிழ் டீச்சர். உண்மையைச் சொன்னால், சேலை நுனி ஒன்று பத்தைப் பக்கம் போனதை நானும் கடைக்கண்ணால் கண்டேன். நானும் திரும்பிக்கொண்டேன். நல்லாய் வளர்ந்த மூன்று பேர், முறைப்படி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம்.

பத்தைக்கு ஓடினோம். பத்தைக்குப் பின்னால் யாரும் இல்லை. ஈரத்தில் அவளுடைய காலடி இருந்தது. போன வழியாலே திரும்பி வராமல், தண்ணீர்ப் பக்கமாக வெளிக்குக் குறுக்கே சுற்றி எங்களிடம் வரப் பார்த்திருக்கிறாள். பத்துப் பதினைந்து அடி தெரிந்தது. அதற்கு அப்பால் தண்ணீர் வந்து மூடிவிட்டது.

பயம் என்றால் என்ன என்று அதுவரை எனக்குத் தெரியாது. இடிக்குப் பயந்திருக்கிறேன், பாம்புக்குப் பயந்திருக்கிறேன். அதெல்லாம் எனக்காகப் பட்ட பயம். இது வேறு. அந்த மாமியின் முகம் கண் முன்னாலே வந்தது. "கூட்டிக்கொண்டு போற மாதிரியே." அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பக்கத்தில் தமிழ் டீச்சர் தேவாரம் சொல்லத் தொடங்கிவிட்டா.

வேறு ஒன்றும் தோன்றாமல் பைனாகுலரைத் தூக்கினேன். தண்ணீரையும் வெயிலையும் தவிர ஒன்றும் தெரியவில்லை. மெல்ல நகர்த்தினேன். அந்த நாரை இன்னும் அங்கேயே நின்றது.

அதைத் தாண்டிப் போய்விட்டேன். பிறகுதான் உறைத்தது. தண்ணீர் ஏற ஏற நாரை இடம் மாறி நிற்கும். இது மாறவில்லை. முன்னம் கண்டதிலும் பார்க்க உயரம் குறைந்து கட்டையாகியும் இருந்தது. திரும்பக் கொண்டுவந்தேன். வெயிலை ஒரு சின்ன மேகம் மறைத்தது. நாரைக்கு ஒரு கை இருந்தது. கையில் வெள்ளைக் கைலேஞ்சி ஒன்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

"அங்கை! அங்கை நிக்கிறா!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே சேற்றில் இறங்கினேன். முழங்கால்வரை போய்விட்டேன். அப்போதிக்கரி ஐயா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து விழுத்தினார். "ரெண்டு பேரைத் தேட என்னாலை ஏலாது!" என்றார். வாழ்நாளில் அவர் ஒருவரையும் அதட்டியதை நான் கேட்டதில்லை.

எங்கள் நல்ல காலம், நண்டுக்கூடு வைக்கிற ஒருவர் கரையோடு தோணியைக் கம்பால் ஊன்றிக்கொண்டு வந்தார். அப்போதிக்கரி ஐயா கைகாட்டிய பக்கத்தை நண்டுக்காரர் ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான், விளங்கிவிட்டது. "ஒருதரும் இறங்கக்கூடாது," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோணியைத் திருப்பினார். கெதியாய்ப் போகவில்லை. மெல்ல, கம்பால் நிலத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு போனார். அந்த மெல்லத்தைப் போல ஒரு கொடுமையை நான் அனுபவித்ததில்லை. கரையில் நின்று, "பயப்பிடாதையும் பிள்ளை, வந்திட்டம்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அவள் பதில் சொல்லவில்லை. களியில் புதைந்து நின்ற அவளுக்குத் தண்ணீர் நெஞ்சளவில் இருந்தது.

தோணியை அவளுக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோய், அவளை மல்லாக்கச் சாயச் சொல்லி, கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்தார். முதல் இழுவைக்கு வரவில்லை. இரண்டாவதுக்கும் வரவில்லை. கம்பைச் சேற்றுக்குள் விட்டு அவள் காலைச் சுற்றி அசைத்து அசைத்து, பிறகு இழுத்தார். அவள் தோணிக்குள் விழுந்ததைப் பைனாகுலரால் பார்த்தேன். பார்த்துவிட்டு அப்படியே சேற்றில் குந்திவிட்டேன்.

கரையில் இறக்கும்போது நண்டுக்காரர் என் கழுத்தில் தொங்கினதைப் பார்த்தார். "உந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டோ ஆளைக் காணாமல் நிண்டனியள்?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். நான் செத்துப் போயிருக்கலாம் என்றிருந்தது.

டிரைவர் காருக்குள் வைத்திருந்த, தான் உடுக்கிற மாற்றுச் சாரத்தை எடுத்துத் தந்தார்; அதால் அவளைப் போர்த்திக் காரில் ஏற்றினோம். நெஞ்சுவரை சேறு. பல்லோடு பல்லு அடித்தது. கார் கொஞ்சத் தூரம் போனது. நான்தான் தாங்க முடியாமல் கேட்டேன்.

"ஏன் பிள்ளை கத்தேல்லை? ஒரு சத்தம் போட்டிருந்தால்..."

"நீங்கள் சத்தம் போட வேண்டாம் எண்டனீங்கள்," என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. படிப்பித்ததை ஒப்புவிக்கிற குரல். "அதோடை, நீங்கள் என்னைக் கண்டிட்டீங்கள்தானே, டீச்சர். கண்ணாடி நேரை என்ரை முகத்துக்கு வந்தது. நான் லேஞ்சியை ஆட்டினன். நீங்கள் தலையைக் குனிஞ்சு என்னவோ எழுதினீங்கள். இனி வந்திடுவீங்கள் எண்டு நிண்டன். பேந்தும் ஒருக்காப் பாத்தீங்கள். பேந்தும் எழுதினீங்கள்."

காருக்குள் மற்றவர்கள் வெளியே பார்த்தார்கள்.

"அப்ப என்ன எழுதினீங்கள்?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். நேரம் எழுதினேன் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நான் என்ன சொன்னாலும் நம்புகிறவள்.

"நாரை எண்டு எழுதினனான்," என்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டாள். "எந்த நாரை, டீச்சர்?"

அதோடு நான் உடைந்துவிட்டேன். நாற்பது வயதை நெருங்குகிற ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, மூன்று பேருக்கு முன்னால் விம்மி விம்மி அழுதேன். சேறு காய்ந்த கையால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

கார் நின்றபோது மாமி வாசல் படலையடியில் நின்றா. இறங்கின எங்கள் இரண்டு பேரையும் பார்த்தா. சாரத்தைப் போர்த்திக்கொண்டு, நெஞ்சுவரை சேறாக நின்ற மருமகளை மேலும் கீழும் பார்த்தா. பிறகு, அவளுடைய கையைப் பிடித்தபடி மூக்கைச் சிந்திக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தா.

"டீச்சருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டா.

"ஒண்டுமில்லை, மாமி," என்றாள் அவள். "பாவம், நல்லாப் பயந்து போனா. தேத்தண்ணி ஒண்டு போட்டுக் குடுங்கோ."