குதிரைக்குப் போட்ட அஸ்திவாரம்

அடையாற்றங்கரையில் சந்திரமௌலிக்குச் சொந்தமான பண்ணையில் மிக உறுதியான கட்டடம் பங்களா அல்ல, குதிரை லாயம்தான். கனத்த செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, காற்று வர மேலே வளைவு வளைவாகத் திறப்புகள். கட்டியவர்கள் பழைய வெள்ளம் எதுவரை ஏறியது என்று விசாரித்து, அதற்கும் மேலே தளம் போட்டிருந்தார்கள். கூலியாட்களின் குடிசைகளுக்கு அந்த மட்டத்துக்குக் கீழே இடம் காட்டியதும் அவர்களேதான். அறியாமல் செய்ததல்ல, தெரிந்தே செய்தது.

லாயத்தைக் கவனித்தவர் மெஹபூப் பாஷா. சைதாப்பேட்டைக்காரர். எப்போதோ பந்தயக் குதிரை ஒன்று உதைத்ததில் அவருடைய இடது தோள் இறங்கியிருக்கும். மனைவியோடு லாயத்தின் ஓரத்து அறையிலேயே குடியிருந்தார்.

1943 ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல், ஆற்று வெள்ளம் குடிசைகளுக்குள் புகுந்தது. சாலையும் மூழ்கிவிட்டது. பண்ணைக் கூலி வேலு, மனைவியையும் கைக்குழந்தையையும் முன்னால் விட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் லாயத்துக்கு வந்தான். பின்னால் சேரியே வந்தது.

“இன்னா பாஷா, எங்களுக்கு எடம் கீதா? இல்ல, குதிரையாப் பொறந்துட்டு வரணுமா?”

எல்லாக் கொட்டடியிலும் குதிரைகள் மிரண்டு சுவரை உதைத்துக்கொண்டிருந்தன. அங்கே குழந்தைகளை விட்டால் நசுங்கிப்போகும். பங்களா வராண்டா காலியாகத்தான் இருந்தது. ஆனால் காரியஸ்தர் ஸ்ரீரங்கன் படியில் நின்று, சேரி ஆட்கள் ஏறக்கூடாது என்று விரட்டியிருந்தார். முதலாளி மயிலாப்பூரில்.

பாஷா பங்களாவுக்கு ஓடினார்.

“சாமி, லாயத்துல தண்ணி ஏறிக்கினு கீது. குதிரைங்கள இங்க இட்டாந்து கட்டட்டா?”

லாயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“இதைக் கேக்கணுமா பாஷா? சீக்கிரம் கொண்டு வா. வழுக்கப்போறது, ஜமக்காளம் விரிக்கச் சொல்றேன்.”

குதிரைகளின் கண்ணைத் துணியால் கட்டி, ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். குதிரை போன கொட்டடியில் ஒரு குடும்பம் ஏறியது. கடைசிக் குதிரை வாசலில் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. கீழே குழந்தையோடு வேலுவின் மனைவி. பாஷா கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கினார். இறங்கியிருந்த தோள் இன்னொரு முறை முறுக்கிக்கொண்டது. குளம்புகள் அவளை ஒட்டிச் சேற்றில் விழுந்தன.

இருட்டுவதற்குள் குடிசைகள் இருந்த இடம் தெரியவில்லை. ஓர் உயிரும் போகவில்லை.

தண்ணீர் வடிந்ததும் சந்திரமௌலி வந்தார். ஜமக்காளத்தில் கிடந்த குதிரை லத்தியைப் பார்த்துச் சிரித்தார். லாயத்தில் யார் தங்கியிருந்தார்கள் என்று ஸ்ரீரங்கன் காதில் சொன்னதும் சிரிப்பு நின்றது.

“பாஷா, லாயத்தைக் கழுவி, சுண்ணாம்படிச்சுட்டு அப்புறம் குதிரையைக் கட்டு.”

“வராண்டாவக் கழுவச் சொல்லுங்க எஜமான், கழுவுறேன். இத்தக் கழுவ மாட்டேன்.”

“அப்படின்னா நீ கெளம்பலாம்.”

வேலையும் அறையும் அன்றே போயின. அடுத்து, கழுவ வேலுவைக் கூப்பிட்டார்கள். தீட்டைப் போக்கவும் தீட்டு என்று ஒதுக்கியவன்தான் வேண்டியிருந்தது. அவன் வரவில்லை. வேறு யாரும் வரவில்லை. ஸ்ரீரங்கனே வேட்டியை மடித்துக்கட்டித் துடைப்பத்தை எடுத்தார்.

பாஷா தேனாம்பேட்டையில் வாடகைக்கு ஜட்கா ஓட்டினார். அந்தத் தோள் கடைசிவரை மேலே எழவில்லை. குடிசைகளுக்கு மேட்டில் இடம் கேட்ட வேலுவுக்கு, பழைய பள்ளத்தையே காட்டினார்கள்.