இரண்டாம் வடிவத்து மனிதர்

முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பொய்க்கதைகளை எழுதி வாழ்ந்தவன் நான். அவை ஏழெட்டு வரிகளில் முடிபவை. ஒருவர் தவறு செய்வார். இன்னொருவர் அதைக் காண்பார். காட்டிக்கொடுப்பதா மறைப்பதா என்னும் இடத்தில் கதை நின்றுவிடும். பிறகு எதிரே இருப்பவரிடம், "நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். மக்கள் எதனை அறம் என்று கொள்கிறார்கள் என ஆராயும் சமூக உளவியலாளனுக்கு இதைவிட எளிய கருவி இல்லை. கண்டிக்கு அண்மையிலுள்ள பல்கலைக்கழகமொன்றில் இதனையே கற்பித்தேன். பேராசிரியர் என்னும் பெயரும் இதனாலேயே வந்தது.

ஓய்வுபெறுவதற்கு முந்திய ஆண்டில் மலையகத் தோட்டமொன்றில் ஆய்வு செய்யத் திட்டமிட்டேன். அதற்கென எழுதிய கதை இது: தொழிலாளி ஒருவர் காட்டுப்பன்றிக்கு அஞ்சித் தம் மரக்கறித் தோட்டத்தருகே கம்பிச் சுருக்கு வைக்கிறார். அதில் சிறுத்தை சிக்கி இறக்கிறது. அது சட்டப்படி பெருங்குற்றம். அதிகாரிகள் வந்து கேட்கிறார்கள். உண்மையறிந்த அயலவர் சொல்ல வேண்டுமா?

இக்கதைக்கு இரண்டு வடிவங்கள் இருந்தன. முதலாம் வடிவத்தில் அத்தொழிலாளியைப் பற்றி வேறொன்றும் இல்லை. இரண்டாவதில் அவர் கால் ஊனமுற்றவர். கடைசி லயத்தில், அதாவது தோட்டத்தின் இறுதி வரிசை வீடுகளில், வசிப்பவர். கேட்போரில் பாதிப்பேருக்கு ஒன்று, மற்றப் பாதிக்கு மற்றொன்று. இரக்கம் தீர்ப்பை எவ்வளவு அசைக்கிறது என்று அளப்பதே நோக்கம். கடைசி லயம் என்பதைக் கதைக்கு உயிர் வரட்டும் என்று சேர்த்தேன். எந்தத் தோட்டத்திலும் ஒரு கடைசி லயம் இருக்கும் என்பதை அறிந்திருந்தேன். அங்கே கால் ஊனமுற்ற ஒருவரும் இருக்கலாம் என்பது மட்டும் என் எண்ணத்திற்கு எட்டவில்லை.

பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழு வினாத்தாளை வரிவரியாகப் படித்து ஒப்புதல் தந்தது. மடுல்கெல்லைக்கு அப்பாலுள்ள அத்தோட்டத்தின் அலுவலகத்தில், முறைப்படி, இரு வடிவங்களிலும் ஒவ்வொரு படியைக் கொடுத்துவிட்டு லயங்களுக்குள் நுழைந்தேன்.

முதல் நாள் சிரிப்பும் கேலியுமாகவே கழிந்தது.

"ஐயா, பன்னிக்கிட்ட யாரும் கேக்கலியா? எங்க கெழங்க தோண்டித் தின்னது அதுதானே!" என்றார் ஒருவர்.

"புலி செத்தா கேக்க ஆள் வருது. நம்ம செத்தா பொட்டிக்கே அலையணும்," என்றார் அவர் மனைவி.

இரண்டாம் வடிவத்தை வாசித்த வீடுகளில் அச்சிரிப்பு இல்லை. "கடைசி லயத்திலயா ஐயா?" என்று ஒருவர் மெல்லக் கேட்டார். "ஓம், கதையிலை," என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சொல்லக்கூடாதுங்க," என்று கூறி எழுந்து உள்ளே போய்விட்டார். எல்லோரும் அதனையே சொன்னார்கள். இத்தகைய ஒருமித்த விடையை என் வாழ்நாளில் கண்டதில்லை. அது எனக்கு மகிழ்ச்சியையே தந்தது என்பதை எழுதக் கை கூசுகிறது.

இரண்டாம் நாள் முற்பகலில் அறுபதை நெருங்கிய பெண்மணி ஒருவரிடம் அதே கதையை வாசித்தேன். முடிக்குமுன் அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவரு இல்லீங்க ஐயா. அந்தக் கால வச்சிக்கிட்டு பள்ளத்துல எறங்கவே மாட்டாரு. கட்டினது எம்மவன். பன்னிக்குத்தான் கட்டினான். சொல்லிறாதீங்க ஐயா, ஒங்க கால்ல விழுறேன்."

ஒலிப்பதிவுக் கருவியின் சிவந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேட்டறிந்தபோது, பன்னிரண்டு நாள்களுக்கு முன் அத்தோட்டத்துப் பள்ளத்தில் மெய்யாகவே ஒரு சிறுத்தை கம்பியில் மாட்டி இறந்திருந்தது. கடைசி லயத்தில் கால் ஊனமுற்ற ஒருவரும் மெய்யாகவே இருந்தார். என் கதை அதற்குப் பல திங்கள்களுக்கு முன்பே எழுதப்பட்டது. ஆனால் லயத்து மக்களோ, எல்லாம் அறிந்த ஒருவர் குற்ற ஒப்புதல் வாங்க வந்திருக்கிறார் என்று எண்ணியே எனக்கு விடையளித்திருக்கிறார்கள்.

"அம்மா, இது நான் கற்பனையாய் எழுதின கதை. நீங்கள் சொன்னது என்னை விட்டு வெளியிலை போகாது," என்று உறுதி கூறினேன்.

அந்த நொடியிலேயே நான் ஆய்வை நிறுத்தியிருக்க வேண்டும். அலுவலகத்திற்குச் சென்று படிகளைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். இன்னும் ஒன்பது வீடுகள் எஞ்சியிருந்தன. அந்த ஒன்பதையும் முடித்துக்கொண்டே மலையிறங்கினேன்.

அடுத்த கிழமை ஒரு பெண் கண்டியிலுள்ள என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். கடைசி லயத்து மனிதரின் மனைவி. அதற்கு முந்திய நாள் அதிகாரிகள் அவர் கணவரைப் பிடித்துச் சென்றிருந்தார்கள். தோட்ட அலுவலக மேசையில் கிடந்த இரண்டாம் வடிவம் அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. கதிரையைக் காட்டி அமரச் சொன்னேன். அவர் அமரவில்லை.

"கத எழுதினது ஐயாதானே? அது பொய்க்கதன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. பேராசிரியர் சொன்னா விட்டுருவாங்க. நாங்க சொன்னா யாரு கேக்குறா?"

"நாளைக்கே போய்ச் சொல்லுறன், அம்மா," என்றேன். அவர் அதை நம்பிப் பேருந்து ஏறினார்.

அதிகாரி பண்பாளர். சிங்களத்தில் உரையாடினோம். கதை கற்பனை என்பதையும் அதன் நாளையும் சான்றுகளோடு காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, கதை கற்பனை என்பதை ஏற்பதாகவும், ஆனால் இரண்டு நாள் அங்கே பேசிய என்னிடம் உண்மையில் யார் அதைச் செய்தார் என்று எவரும் கூறவில்லையா என்றும் வினவினார். "இல்லை" என்றால் பொய். "ஆம்" என்றால் ஒரு தாய்க்குக் கொடுத்த சொல் முறியும். நான் வாய் திறக்கவில்லை. விடையளிக்க மறுத்தார் என்று அவர் எழுதிக்கொண்டார். ஒருவரை மீட்கச் சென்றவன் அவர்மேல் இன்னும் ஒரு கல்லை ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

மறுநாளே தோட்டத்திற்கு ஓடினேன். கம்பி கட்டிய மகன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டிருந்தான். தாய் மட்டும் இருந்தார்.

"அம்மா, ஒரு குற்றமும் செய்யாத மனிசன் உள்ளுக்கை இருக்கிறார். நான் என்ன செய்ய வேணும், நீங்களே சொல்லுங்கோ."

"அன்னிக்குக் கேட்டீங்களே, சொல்லணுமா வேணாமான்னு. வேணாம்னேன். எழுதிக்கிட்டீங்க. இப்ப மறுபடி வந்து அதையே கேக்குறீங்களே ஐயா."

"அவருடைய மனுசி தனியக் கிடந்து அழுகிறா."

"தெரியும். தெனம் அந்த வீட்டுக்குச் சோறு கொண்டு போறது நான்தான்." சுவரோடு சாய்ந்து தரையில் அமர்ந்து, தம் தலையில் தாமே அடித்துக்கொண்டார். நிறுத்தச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

எஞ்சியிருந்தது ஒரே வழி. சிறைக்குச் சென்று அம்மனிதரைப் பார்த்தேன். கம்பி வலைக்கு அப்பால் ஊன்றுகோலின்றி, சுவரைப் பிடித்தபடி நின்றார். என் வாழ்வில் அவரை அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன்.

"யாரு கட்டினதுன்னு எனக்கும் தெரியுங்க," என்றார். "அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏன் நீங்கள் சொல்லேல்லை?"

"சொல்லிப்புட்டு எங்க போயி இருக்க? ரெண்டு வீட்டுக்கும் ஒரே செவுரு. அந்தப் பக்கம் இருமினா இந்தப் பக்கம் கேக்கும். ஐயா காருல ஏறிப் போயிருவீங்க, நான் அங்கதானே இருக்கணும்." இலேசாகச் சிரித்தார். "எம்பொஞ்சாதிக்கும் தெரியாது. அவ வாயி நிக்காது. அவகிட்டயும் சொல்லிறாதீங்க."

இதனைத்தான் நான் என் குறிப்பேட்டில் 'குழுப்பற்று' என்று பெயரிட்டு எழுதி வைத்திருந்தேன்.

வழக்கு நாளன்று, உண்மை முழுவதையும் மகனின் பெயரோடு எழுதிய தாளொன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நீதிமன்றம் சென்றேன். ஒப்புக்கொண்டால் விரைவில் முடிந்துவிடும் என்று வழக்கறிஞர் கடைசி லயத்து மனிதருக்குச் சொல்லியிருந்தார். பெயர் அழைக்கப்பட்டது. அவர் ஒப்புக்கொண்டார். நான் இரண்டாவது வரிசை வாங்கில் அமர்ந்திருந்தேன். எழுந்து நிற்க ஒரு நொடி போதும். எழவில்லை. தாய்க்குக் கொடுத்த வாக்கு ஒரு காரணம். அவரே கேட்டுக்கொண்டது மற்றொன்று. மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. அதை மறைத்தால் இதுவரை எழுதியதும் பொய்யாகும். பதிவை வெளியிட்டால் ஒழுக்கநெறிக் குழு முழு ஆய்வையும் நீக்கிவிடும். என் இறுதிக் கட்டுரை அச்சேறாது. அது பின்னர் அச்சேறியது. அத்தாயின் விடையும் அதில் 'மறைக்க வேண்டும்' என்னும் பிரிவில் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறது.

அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வெளியே, பேருந்துத் தரிப்பிடம் வரை அவர் மனைவி என்னோடு நடந்து வந்தார். அவர் அழவில்லை.

"ஐயா, நெசத்துல யாரு கட்டினதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது, அம்மா," என்றேன்.

அவர் நின்றுவிட்டார். நெற்றியைச் சுருக்கி, யாரோ தமக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்றை மனத்துக்குள் திருப்பிச் சொல்பவர்போல உதடுகளை அசைத்தார்.

"ஐயாவுக்கும் தெரியாது. அவரும் ஒத்துக்கிட்டாரு. அப்ப... அவரேதான் கட்டினாரா? எங்கிட்டக் கூடச் சொல்லலியே. இத்தன நாளும் இல்ல இல்லன்னு ஊரெல்லாம் கத்திக்கிட்டுத் திரிஞ்சேனே."

பன்வில வழியாகச் செல்லும் பேருந்து வந்து நின்றது. அவர் ஏறிக்கொண்டார். நான் அங்கேயே நின்றேன். இல்லை, அவர் கட்டவில்லை என்று அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவேயில்லை.