பற்றவைக்காத வளைவு

இன்று படூரில், எங்கள் மாடித் தகரக் கூரைக்கு மழைநீர்க் குழாய் பொருத்த வந்தவர் ஈயத்தை உருக்கியதும் எழுந்த புகை, திருக்கழுக்குன்றத்தில் அப்பா வைத்திருந்த தகரப் பட்டறையின் புகையாகவே இருந்தது. அந்த இடத்தில் இப்போது ஒரு மண்டபத்தின் வண்டி நிறுத்தம். தகட்டை இரும்பு உருளைமேல் வளைத்து, விளிம்பை மடித்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டிக் குழாயாக்கும் மந்தமான சத்தத்தில்தான் நான் படித்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

எந்த வீட்டுக்குக் குழாய் மாட்டினாலும், அடியில் தண்ணீர் கொட்டும் வளைவை மட்டும் அப்பா பற்றவைக்காமல், வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளும்படி செருகிவிட்டு வருவார். மழை வந்தால் அதை அவரவர் பக்கத்து வீட்டு வாசலுக்குத் திருப்பிவிடுவார்கள், தெருவே சண்டை போடும், அப்பா தலை நிமிராமல் தகடு வெட்டிக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டு வளைவை மட்டும் எங்கள் வாசலைப் பார்த்தே பற்றவைத்திருந்தார், நம்மால் தகராறு வரக் கூடாதென்று. ஒவ்வொரு மழைக்கும் அம்மா கணுக்காலளவு சேற்றில் நின்று, "ஊருக்கெல்லாம் லூசா வுட்டுட்டு, நம்ம வூட்டுக்கு மட்டும் ஈயத்த ஊத்தி வச்சிக்கீறாரு பாரு" என்பாள்.

"கீழ் வளைவ எந்தப் பக்கம் சார் திருப்பி வைக்கணும்?" என்று வந்தவர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், உள்ளே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்:

"பத்த வைக்காத நைனா. சும்மா சொருகிட்டுப் போ. நா பாத்துக்கறேன்."